காயத்துக்குக் கட்டும் துணியை நெய்தவன் யார்?

கிருஷ்ணன்கோவில் முக்கில், வத்திராயிருப்புக்குப் பிரியும் ரோட்டோரம், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ராஜபாளையம் பஞ்சாலை ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வேலை செய்யும் தோழர் ஒருவர், இரவு ஷிப்டு முடித்து வந்தவர், பக்கத்தில் இருந்தார். அவருடைய மகனும் கூட இருந்தான். உயிர்மருத்துவப் பொறியியல் படித்து முடித்தவன். அதாவது, ஆஸ்பத்திரி யந்திரங்களைச் செய்யவும் பழுது பார்க்கவும் உரிய படிப்பு. தாயாரின் கழுத்துச் சங்கிலியும் பாங்குக் கடனும் சேர்ந்து அந்தப் படிப்பை முடித்து வைத்திருக்கின்றன.

பையன் முகத்தில் ஒரு களை. எங்கோ ஒரு கூட்டத்துக்குப் போயிருக்கிறான். அங்கே ஒரு கம்பெனிப் பெரியவர் கோட்டும் சூட்டுமாக மேடையேறி உபதேசம் செய்திருக்கிறார். "நீங்கள் சம்பளத்துக்கு வேலை செய்யப் போகிறவர்கள் அல்ல. உயிர்களைக் காக்கும் அழைப்பு உங்களைத் தேடி வந்திருக்கிறது. எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பவனுக்கு இந்தத் துறையில் இடமில்லை. இது வேலையல்ல, தொண்டு." இதுதான் அவர் பேச்சின் சாரம். பையன் அதை அப்படியே மனப்பாடம் செய்து வந்து எங்களிடம் ஒப்பித்தான்.

தகப்பனார் என்னைப் பார்த்தார். "ஏண்ணே, இவன் வேலைக்குப் போறானா, மடத்துக்குப் போறானா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். கடைக்காரரும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அவன் முகம் சுருங்கிப் போயிற்று.

நான் சிரித்தது தப்பு. அந்தத் தப்பை ஒப்புக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கோட்டுப் போட்டவர் சொன்னதில் பாதி உண்மை. முழுப் பொய்யை நம் ஜனங்கள் ஒரே நாளில் கண்டுபிடித்து விடுவார்கள். பாதி உண்மைதான் ஆபத்து. அதைப் பார்த்துச் சிரித்தால் உண்மையையும் சேர்த்துத் தூக்கி எறிந்து விடுகிறோம். கும்பிட்டால் பொய்யையும் சேர்த்து விழுங்கி விடுகிறோம்.

முதலில் உண்மையைப் பார்ப்போம். பிறருடைய உயிருக்கு உதவுகிற வேலையில் மனிதனுக்கு ஒரு தனி நிறைவு இருக்கிறது. "எவன் கையில் வேலை செய்தால் என்ன, கூலி வந்தால் சரி" என்று நம்மில் சிலர் சொல்லுகிறோமே, அது தொழிலாளியின் குரல் அல்ல. வேலையின் ருசியைத் தொழிலாளியிடமிருந்து பறித்துக்கொண்ட முதலாளி, அவன் வாயில் போட்டுவிட்ட வார்த்தை அது. நாற்று நட்ட பெண் ஒருத்தி வரப்பில் நின்று பச்சைப் பயிரைத் திரும்பிப் பார்க்கிறாளே, அது யார் வயல்? அவள் வயல் அல்ல. இருந்தும் பார்க்கிறாள். அந்தப் பார்வையை ஏளனம் செய்ய எவனுக்கும் உரிமை கிடையாது.

ஆனால் கோட்டுப் போட்டவரிடம் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஐயா, வைத்தியத் தொழில் நுணுக்கம் என்று நீங்கள் சொல்வது கம்ப்யூட்டரும் கண்ணாடி அறையும் மட்டுந்தானா? எங்கள் ஊரைப் பார்த்திருக்கிறீர்களா?

சத்திரப்பட்டித் தறிகள்

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. அதையடுத்து சமுசிகாபுரம் முதலான ஊர்கள். அந்தப் பக்கம் போனால் விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். என்ன நெய்கிறார்கள்? புடவையல்ல, வேட்டியல்ல. ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுகிற பாண்டேஜ் துணி. நாட்டின் பல மூலைகளில் இருக்கிற ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்து அந்தத் துணி போகிறது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிப் பஞ்சுக்கென்றே 1939-ல் ராமராஜு சர்ஜிகல் காட்டன் மில் ஆரம்பிக்கப்பட்டது. ஆகவே இது நேற்றைய தொழில் அல்ல. மூன்று தலைமுறை இதில் கை தேய்ந்திருக்கிறது.

இதில் என்ன விஞ்ஞானம் இருக்கிறது என்று கேட்கலாம். கேட்பவர்கள் ஒரு காரியம் செய்யட்டும். செடியிலிருந்து பறித்த பஞ்சை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதக்கும். தண்ணீரைக் குடிக்காது. காரணம், பஞ்சின் ஒவ்வோர் இழையின் மேலும் இயற்கையிலேயே ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அந்தப் பஞ்சைக் காயத்தில் வைத்தால் ரத்தத்தையும் சீழையும் உறிஞ்சாது. உள்ளேயே தேங்கி அழுகும். மெழுகை எடுக்க வேண்டும். காரத்தில் போட்டு நீராவி அழுத்தத்தில் மணிக்கணக்காக வேக வைக்க வேண்டும். பிறகு வெளுக்க வேண்டும், அலச வேண்டும், காரமும் அமிலமும் சொட்டுக்கூட மிச்சமில்லாமல் நீக்க வேண்டும். அப்புறம் அதே பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 வினாடிக்குள் மூழ்க வேண்டும். பதினோராவது வினாடியில் மிதந்தால் அது ஆஸ்பத்திரிப் பஞ்சு அல்ல. இதுதான் பரீட்சை.

துணியிலும் அப்படித்தான். நெருக்கி நெய்வதில் ஒரு சாமர்த்தியம் என்றால், நெகிழ்த்தி நெய்வதில் வேறொரு சாமர்த்தியம். பாவும் ஊடையும் விலகி நிற்க வேண்டும், ஆனால் கலைந்துவிடக் கூடாது. காற்றும் போக வேண்டும், கசிவும் வெளியேற வேண்டும். நூல் பிசிறு காயத்துக்குள் தங்கினால் ஆபத்து. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து வைத்தியர் சாம்சன் காம்ஜி, 1880-ல், உறிஞ்சும் பஞ்சை இரண்டு மெல்லிய துணிகளுக்கு நடுவில் வைத்துக் கட்டும் முறையைக் கொண்டு வந்தார். வைத்திய சரித்திரத்தில் அவருக்கு இடமுண்டு, இருக்க வேண்டியதுதான். ஆனால் தினந்தோறும் அந்தத் துணியை ஆயிரக்கணக்கான மீட்டர் நெய்து தள்ளுகிற சத்திரப்பட்டித் தறிக்காரனை வைத்தியத் தொழில் நுணுக்கக்காரன் என்று எந்த மேடையிலாவது எவனாவது அழைத்ததுண்டா?

அவனுக்கும் அழைப்பு வந்திருக்கிறது என்று ஏன் யாரும் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த கேள்வி வந்துவிடும். "சரி, அழைப்பு வந்துவிட்டது. கூலி எப்போது வரும்?" மீட்டர் கணக்கில் கூலி வாங்கும் அந்தத் தோழர்கள், கூலி உயர்வுக்காக எத்தனையோ தடவை தறியை நிறுத்தியிருக்கிறார்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் "ஆஸ்பத்திரிக்குத் துணி போகாமல் நோயாளி கஷ்டப்படுவானே" என்று உருகுகிறவர்கள் உண்டு. தறிக்காரன் வீட்டு நோயாளியை நினைத்து உருகியவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று சொல்ல வேண்டும். மனத்தை அறுக்கிற விஷயம். இதே ஜில்லாவில்தான் சிவகாசி இருக்கிறது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். பிறகும் வருஷம் தவறாமல் எங்கோ ஓரிடத்தில் வெடிக்கிறது. வெந்த உடம்பைச் சுற்ற என்ன வேண்டும்? பாண்டேஜ் துணி. ஒரு தொழிலாளியின் வெந்த உடம்பை, அதே ஜில்லாவில் வேறோர் ஊரில் இருக்கிற இன்னொரு தொழிலாளி நெய்த துணி சுற்றுகிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. நடுவில் நிற்கிற வியாபாரி மட்டும் இருவரையும் பார்க்கிறான், கணக்குப் புத்தகத்தில்.

துணிச்சலாக வேலை செய்தவர்கள்

நம்முடைய வாலிபனுக்கு லட்சியம் வேண்டும் என்றால் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. கோட்டுப் போட்டவரிடம் கடன் வாங்க வேண்டியதில்லை.

சோலாப்பூர், நம் ராஜபாளையம் மாதிரி ஒரு பஞ்சாலை ஊர். அங்கே 1910-ல் பிறந்தவர் டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ். 1938-ல் இந்தியாவிலிருந்து சீனா சென்ற ஐந்து டாக்டர்களில் ஒருவர். ஜப்பானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடிய படைவீரர்களுக்கும் கிராமவாசிகளுக்கும் ரண சிகிச்சை செய்தார். 1942 டிசம்பரில், 32 வயதில், அந்த மண்ணிலேயே மடிந்தார். அவர் தலைமை வகித்த ஆஸ்பத்திரிக்கு ஒரு கனடா நாட்டு டாக்டரின் பெயர் வைத்திருந்தார்கள். நார்மன் பெதூன் என்பது அவர் பெயர்.

இந்த பெதூன் வெறும் டாக்டர் மட்டுமல்ல, கருவி செய்தவர். விலா எலும்பை வெட்டும் கத்தரி ஒன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. ஸ்பெயின் உள்நாட்டு யுத்தத்தின்போது, 1936-37-ல், மாட்ரிட் நகரில் ரத்தத்தைப் புட்டியில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, காரில் ஏற்றி, சண்டைக்களத்துக்கே கொண்டுபோகிற ஏற்பாட்டைச் செய்தார். காயம்பட்டவன் ரத்தத்தைத் தேடி வருவானா? வரமாட்டான், வழியிலேயே செத்துப் போவான். ஆகவே ரத்தம் அவனைத் தேடிப் போகட்டும் என்றார். பாருங்கள், இதுதான் தொழில் நுணுக்கம். புட்டியும் குளிர்ப்பெட்டியும் காரும் எல்லோருக்கும் தெரிந்தவைதான். எந்தப் பக்கமாகக் காரை ஓட்டுவது என்பதில்தான் அவர் மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். 1939-ல் அவர் இறந்தது எப்படி? கையுறை கிடைக்காத இடத்தில் வெறுங்கையால் ஆபரேஷன் செய்தபோது விரலில் பட்ட வெட்டு விஷமேறி இறந்தார். ஒரு ஜோடி ரப்பர் உறை! அதை ரப்பர் தோட்டத்திலும் ஆலையிலும் உற்பத்தி செய்கிறவனின் வேலை அற்பமானதா?

சண்டைக்களம் வரை போக வேண்டாம். மதுரைக்கு வருவோம். எட்டயபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி, சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல், 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். வாத நோயில் அவர் விரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளைத் தானே அமைத்துக்கொண்டு கண் ஆபரேஷன் செய்தவர் அவர்.

கண்புரை எடுத்த நம் பாட்டன்மார் சோடாப் புட்டி அடிப்பாகம் மாதிரிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தடவி நடந்ததை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். கண்ணுக்குள்ளேயே வைக்கிற செயற்கை லென்சு 1949-லேயே லண்டனில் வந்துவிட்டது. ஹரால்ட் ரிட்லி என்ற டாக்டர், யுத்த விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த விமான முகப்புப் பிளாஸ்டிக் துண்டு கண்ணைக் கெடுக்காமல் அப்படியே தங்கியிருப்பதைக் கவனித்து அதைச் செய்தார். ஆனால் அந்த லென்சு நம் வயற்காட்டுக்கு வர நாற்பது வருஷத்துக்கு மேலாயிற்று. இறக்குமதி லென்சு ஒன்று நூறு டாலர் அளவுக்கு விற்றது. கூலிக்காரன் கண்ணுக்கு நூறு டாலரா? 1992-ல் மதுரையில் ஆரோலாப் என்ற தொழிற்சாலை தொடங்கி அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். பிறகு அதற்கும் கீழே போயிற்று. இன்று நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்சு போகிறது. அதைச் செய்தவர்கள் யார் தெரியுமா? பெரும்பாலும் கிராமத்திலிருந்து வந்து, அங்கேயே பயிற்சி பெற்ற இளம் பெண்கள். களையெடுக்கப் போயிருக்க வேண்டிய கைகள், தூசு புகாத அறையில் உட்கார்ந்து, கண்ணுக்குள் வைக்கிற வில்லையைச் செய்கின்றன. நம் வீட்டுப் பெண்ணுக்கு மூளை இல்லை, கை வராது என்று சொன்னவர்கள் அங்கே போய்ப் பார்க்கட்டும்.

திருவனந்தபுரத்தில் இன்னொரு கதை. ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் இருதய வால்வு ஒன்றை நம் நாட்டிலேயே செய்யப் புறப்பட்டார். முதல் மாதிரி தோற்றது. இரண்டாவது தோற்றது. மூன்றாவதும் தோற்றது. நாலாவது மாதிரி வெற்றி பெற்று, 1990 டிசம்பரில் முதல் தடவையாக ஒரு மனிதனின் நெஞ்சில் பொருத்தப்பட்டது. பஞ்சாலைத் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வால்வை இருதயத்தோடு சேர்த்துத் தைக்கிற வளையம் எதனால் ஆனது? துணியால். பாலியெஸ்டர் துணி.

வலியத்தானுடைய லட்சியம் பெரிது. ஆனால் மூன்று தடவை தோற்றபோதும் கதவை இழுத்து மூடாமல் நாலாம் தடவைக்குப் பணம் கொடுத்தது எது? பொதுப் பணம். லாபத்துக்கு நடக்கும் கம்பெனியானால் இரண்டாவது தோல்வியிலேயே "பங்குதாரருக்கு என்ன பதில் சொல்வது" என்று மூட்டை கட்டியிருக்கும். லட்சியத்துக்குக் கால் வேண்டும், தோழர்களே. தனியாக அது காற்றில் நிற்காது.

அந்தக் காலை வெட்டிய கதையும் நம் ராஜ்யத்திலேயே உண்டு. 1961-ல் சோவியத் உதவியோடு ஐ.டி.பி.எல். என்ற பொதுத்துறை மருந்து ஸ்தாபனம் அமைக்கப்பட்டது. ரிஷிகேசத்தில் ஆண்டிபயாடிக் ஆலை, ஹைதராபாத்தில் மருந்து ஆலை, சென்னையில் ரண சிகிச்சைக் கருவி ஆலை. ஆபரேஷன் கத்தி முதற்கொண்டு அன்னியனிடம் கையேந்தக் கூடாது என்று நினைத்துச் செய்த ஏற்பாடு. கொஞ்சம் கொஞ்சமாக அதை நலியவிட்டு, 2016 டிசம்பரில் மத்திய மந்திரி சபை ஸ்தாபனத்தையே மூட முடிவு செய்தது. நிலத்தை விற்கவும் தீர்மானித்தது. அங்கே வேலை செய்தவர்களுக்கு லட்சியம் இல்லையா? அவர்களுடைய லட்சியத்தை எந்த மேடையில் வைத்துப் புகழ்ந்தார்கள்?

தொண்டு என்ற சாட்டை

இப்போது பொய்ப் பாதிக்கு வருவோம்.

இருதயத்தின் ரத்தக் குழாய் அடைத்தால் உள்ளே வைக்கிற சிறு வலைக்குழாயை ஸ்டென்ட் என்கிறார்கள். 2017 பிப்ரவரிக்கு முன்னால் மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று லட்ச ரூபாய்க்கு மேல் விற்றது. சர்க்காரின் விலை நிர்ணய ஸ்தாபனம் கணக்கைத் தோண்டிப் பார்த்தது. கைமாறக் கைமாற ஏறிய லாபம் 654 சதவீதம் வரை போயிருந்தது. பிறகு 29,600 ரூபாய் என்று விலைக்கு உச்சவரம்பு போட்டார்கள். அதற்கு முந்தைய நாள் வரை அந்தச் சங்கிலியில் நின்ற ஒவ்வொருவரும் "உயிரைக் காக்கும் தொண்டு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவனிடம் பேரம் பேசி அறுநூறு சதவீதம் எடுப்பது தொண்டானால், வழிப்பறிக்கு என்ன பெயர் வைப்பது?

மேலே இருப்பவர்களுக்குத் தொண்டு என்ற வார்த்தை மாலை. கீழே இருப்பவர்களுக்கு அதுவே சாட்டை. 2017 நவம்பரில் தமிழ்நாட்டுச் சர்க்கார் ஆஸ்பத்திரிகளின் ஒப்பந்த நர்சுகள் சென்னையில் கூடி உட்கார்ந்தார்கள். பரீட்சை எழுதி, தேர்ச்சி பெற்று, வேலைக்கு வந்தவர்கள். அவர்களுடைய மாதச் சம்பளம் 7,700 ரூபாய். வெண்டிலேட்டரும் மானிட்டரும் அவர்கள் பொறுப்பில். ஒரு குமிழைத் தப்பாகத் திருப்பினால் ஓர் உயிர் போகும். அதற்கு நாளொன்றுக்கு 260 ரூபாய் கூட இல்லை. வீதிக்கு வந்தவுடன் என்ன சொன்னார்கள்? "தூய தொண்டு செய்ய வேண்டியவர்கள் போராடலாமா?" என்றார்கள். கொரோனா வந்தபோது அதே கைகளுக்காகத் தட்டு தட்டச் சொன்னார்கள். தட்டில் சோறு போடச் சொன்னால் காது கேட்பதில்லை.

கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் யந்திரம் கொடுத்திருக்கிறார்கள். வேலைக்காரி என்று பெயர் கொடுக்கவில்லை. தன்னார்வலர் என்று பெயர். சம்பளம் என்று சொல்லவில்லை, ஊக்கத்தொகை. பெயரை மாற்றினால் சட்டம் எட்டிப் பார்க்காது. நல்ல வார்த்தைக்கு இவ்வளவு லாபம் உண்டு என்பது நமக்குத் தெரியாமல் போயிற்று!

தர்மமாகவும் நியாயமாகவும் நடக்கிற ஸ்தாபனங்கள் இருக்கலாம். இருக்கின்றன. அங்கேயும் கூலி என்ன, நேரம் என்ன, பிரசவ விடுப்பு உண்டா என்று கேட்பது பாவமல்ல. லட்சியம் பெரிதாக இருந்தால் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுவதில் அதற்கு என்ன கூச்சம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. கூலி மட்டும் சரியாகிவிட்டால் போதுமா? போதாது. விரல் நுனியில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டும் கிளிப்பைக் கொரோனா காலத்தில் எல்லோரும் பார்த்தோம். நம்மில் பலருடைய உயிர், அது காட்டிய எண்ணைப் பார்த்து முடிவாயிற்று. 2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் சர்வகலாசாலை டாக்டர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். அந்தக் கிளிப் கறுத்த தோலில் சரியாகப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைந்திருக்கும்போதே நன்றாக இருக்கிறது என்று காட்டுகிறது. வெள்ளையரைவிட நீக்ரோ மக்களிடம் இந்தத் தப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று கண்டார்கள். வெளிச்சத்தைத் தோல் வழியாகப் பாய்ச்சி அளக்கிற கருவி அது. தோலின் கறுப்பும் வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கும் என்பது தெரியாத ரகசியமா? வெயிலில் கறுத்த விவசாயத் தொழிலாளியின் விரல், செய்தவன் மேஜைக்கு வரவில்லை, அவ்வளவுதான். அவன் கெட்டவனாக இருந்திருக்க வேண்டியதில்லை. உயர்ந்த லட்சியத்தோடு ராத்திரி பகலாக உழைத்தவனாகவே இருந்திருக்கலாம். லட்சியம் இருந்தது, நாம் இல்லை.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. தம்பி, உனக்கு வந்த அழைப்பு பொய்யல்ல. அழைத்தது யார் என்று பார். மேடையிலிருந்து வந்த குரலா? சுற்றிலும் கேள், இன்னும் எத்தனையோ குரல் கேட்கும்.

2015-ல் நாடு முழுவதும் சர்க்கார் ஆஸ்பத்திரி யந்திரங்களைக் கணக்கெடுத்தார்கள். 29 ராஜ்யங்களில், 29,000-க்கு மேற்பட்ட நிலையங்களில், ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட யந்திரங்கள். ராஜ்யத்துக்கு ராஜ்யம் வித்தியாசப்பட்டாலும், 13 முதல் 34 சதவீதம் வரை வேலை செய்யாமல் கிடந்தன. வாங்குவதற்கு டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு, ரிப்பன் உண்டு. ஒரு பியூஸ் போனால் மாற்ற ஆளில்லை. துணி போர்த்தி மூலையில் நிற்கும். அந்த மூலையில் நிற்கிற யந்திரம் அழைக்கவில்லையா? பழுது பார்க்கிற வேலையை ஒப்பந்தக்காரனிடம் விட்டுவிட்டு, படித்த வாலிபர்களைச் சரக்கு விற்கும் கம்பெனிகளில் பையைத் தூக்கிக்கொண்டு அலைய வைத்திருக்கிறார்களே, அது ஏன்? ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் ஒரு நிரந்தர யந்திரப் பொறியாளர் வேண்டும் என்று கேட்க வேண்டும். பையன் ஒருவனால் கேட்க முடியாது. அவனுடைய தகப்பனும் சேர்ந்து கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கப் போகிறவர் அவர்தான்.

தகப்பனாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இருபத்தாறு வருஷமாக புளோ ரூமிலும் கார்டிங்கிலும் வேலை. பஞ்சு அடிபட்டுத் தூசு பறக்கிற இடம். ஞாயிறு விடுமுறை கழிந்து திங்கட்கிழமை உள்ளே போனால் நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்குவது போலிருக்கும். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் பரவாயில்லை. வருஷம் போகப் போக எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிடும். இது பீடியால் வந்தது, மழையால் வந்தது என்று டாக்டர் ஐயா எழுதிக்கொடுப்பார். இல்லை. இதற்குப் பெயர் இருக்கிறது, பிசினோசிஸ். பருத்தித் தூசு நோய். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங் 1950-களில் இந்தத் திங்கட்கிழமை நெஞ்சிறுக்கத்தை வைத்தே நோயைப் படிப்படியாக வகைப்படுத்தினார். நம் நாட்டுச் சட்டத்திலும் இது தொழிலால் வரும் நோய்களின் பட்டியலில் இருக்கிறது. நஷ்டஈட்டுக்கு உரியது. ஆனால் நிரூபிக்க வேண்டும். எப்படி? திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை மூச்சை ஊதி அளந்து பார்க்க வேண்டும். இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பேசும். அதற்கு ஸ்பைரோமீட்டர் என்ற யந்திரம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது? பெரிய ஊர் ஆஸ்பத்திரியில், பகல் பத்து மணிக்குத் திறக்கிற அறையில். ஆலை வாசலில், காலை ஆறு மணி ஷிப்டுக்கு முன்னால், எந்த ஊரில் இருக்கிறது?

இதையெல்லாம் அன்று நான் பேசவில்லை. சிரித்துவிட்டு எழுந்து போனேன். நாலு நாள் கழித்துத்தான் ராத்திரி போய்ப் பையனைப் பார்த்தேன். நேரமாகிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். சத்திரப்பட்டிக்குத் தான் போனதேயில்லை என்றான். பத்து வினாடிப் பரீட்சை அவன் பாடத்தில் இருந்ததாம். அந்தப் பஞ்சு எங்கே தயாராகிறது என்று பாடத்தில் இல்லையாம். ஷில்லிங் விஷயத்தைச் சொன்னபோது குறுக்கே பேசாமல் கேட்டான். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டான். "மாமா, அப்பாவுக்குத் திங்கக்கிழமைன்னா எப்படி இருக்கும்?" நீயே கேள் என்றேன்.

போன வாரம் மறுபடியும் அதே முக்கில் தகப்பனாரைப் பார்த்தேன். "என்னத்தச் சொல்லிக் கொடுத்தீகண்ணே அவனுக்கு? எங்கேயோ போய் ஒரு ஊதுகுழாய் வாங்கியாந்துட்டான். வேலைக்குப் போகையில ஊது, வந்ததும் ஊதுன்னு நிக்கிறான். நோட்டுப் போட்டு எழுதுறான். கார்டிங்ல இருக்கிற நாலு பேரையும் கூட்டியாரச் சொல்றான்" என்றார்.

"திங்கட்கிழமை எவ்வளவு வந்தது?" என்று கேட்டேன்.

அவர் டீயைக் குடித்தார். வத்திராயிருப்பு பஸ் வந்தது. "அவன் நோட்டுல இருக்கு, வந்து பாருங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்.